பத்துக்குப் பத்து போட்ட பிணம்!

வாருங்கள், வாசகப் பெருமக்களே! கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வாருங்கள். ஓர் அநீதியைக் காட்டுகிறேன். நாளை சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் நீங்கள்தான்!

மூன்றாவது மாடி. இடப்பக்கக் கதவு. திறந்தே கிடக்கிறது.

உள்ளே, சுழல் நாற்காலியில் ஒருவர். முப்பத்து நான்கு வயது. காதுகளில் ஹெட்போன். மடியில் வீடியோ கேம் ஆடும் கன்ட்ரோலர். எதிரே அகலத் திரை.

திரையில் ஒரு வரி...

'புதுப்பிப்பு இறங்குகிறது. நாற்பத்தொரு சதவீதம். தயவுசெய்து காத்திருக்கவும்.'

அவர் காத்திருக்கவில்லை. போய்விட்டார்!

பின்மண்டை பிளந்திருந்தது. நாற்காலியின் காலடியில் ஒரு முழ உயர உலோகச் சிலை. வாளோங்கிய வீரன். புதிய விளையாட்டு ஒன்றின் 'சிறப்புப் பதிப்பு'ப் பெட்டியில் வந்த பரிசு. அந்தப் பெட்டியில் சிலை இருந்தது. வரைபடம் இருந்தது. கழுத்துத் துண்டுகூட இருந்தது. விளையாட்டு மட்டும் இல்லை! அதற்குப் பதிலாக ஒரு துண்டுச் சீட்டில் பன்னிரண்டு எழுத்துகள். அதைக் கன்சோல் என்ற விளையாட்டுக் கருவியில் தட்டிவிட்டு, அரைநாள் இறக்கிக்கொள்ள வேண்டுமாம்!

இறந்தவர் விமரிசகர். வீடியோ கேம்களை விளையாடிப் பார்த்து, தம் இணையதளத்தில் மதிப்பெண் போடுவது அவர் தொழில். விளையாட்டு நிறுவனங்கள் அவருக்குச் சூட்டிய பட்டம், 'அரை மார்க்'. எத்தனை சிறந்த படைப்பானாலும், ஏதேனும் ஒரு குறைக்கு அரை மார்க்கை வெட்டாமல் அவர் பேனா ஓய்ந்ததில்லை.

பெண் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து நிமிர்ந்தார்.

"டாக்டர் என்ன சொல்றார், ஏட்டு?"

"காலைல ஏழுலேருந்து எட்டுக்குள்ளயாம் மேடம்." ஏட்டு தம் செல்போனை நீட்டினார். "ஆனா இதைப் பாருங்க. இவர் விமரிசனம் வெளியான நேரம்... எட்டு பன்னெண்டு!"

"செத்ததுக்கு அப்புறமா?"

"செத்ததுக்கு அப்புறம்! அதுவும் பத்துக்குப் பத்து மேடம்!"

சுவரோரம் நின்றிருந்த பெண் விசும்பலை நிறுத்தினாள். இறந்தவரின் தங்கை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆறு மணிக்குப் போய்ப் பத்து மணிக்குத் திரும்பியவள்தான் பிணத்தை முதலில் கண்டாள். வெள்ளை அங்கியை இன்னும் கழற்றவில்லை.

"பத்தா? என் அண்ணனா? அம்மா சமையலுக்கே ஏழரை போட்டவன் மேடம் அவன்! என் கல்யாண மாப்பிள்ளைக்கு அஞ்சு. அதனாலதான் அந்தக் கல்யாணமே நடக்கலை!"

"யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

"கொன்னவனை மெதுவா பிடிங்க மேடம். முதல்ல அந்தப் பத்தை எடுங்க!" அவள் குரல் உடைந்தது. "ஊரே திட்டுது. 'அரை மார்க்கும் விலை போயிட்டான்'னு எழுதுறாங்க. பன்னெண்டு வருஷம் ஒருத்தன்கிட்டயும் ஒரு டீ வாங்கிக் குடிக்காதவன். அந்தப் பேரோட அவனை அனுப்ப விடாதீங்க!"

கேட்டீர்களா? உயிர் போன வீட்டில் ஒரு பெண், உயிரைக் கேட்கவில்லை. அண்ணனின் நேர்மையைத் திருப்பிக் கேட்கிறாள்!

இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் திரும்பினார்.

"அந்த விமரிசனத்தைப் படிங்க."

"'காவியம்... கண்கொள்ளாக் காட்சி... குறிப்பாக ஏழாம் அத்தியாயத்தில், அரசி தன் முகமூடியைக் கழற்றும் அந்த நொடியில், நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்...'"

ஏட்டு சட்டென்று நிறுத்தினார். முகம் மாறியது.

"என்ன?"

"ஏழாம் அத்தியாயம் கிடையாதே மேடம்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முந்தாநேத்து நான்... முடிச்சேன்."

"முந்தாநேத்து காய்ச்சல்னு லீவ் சொன்னீங்க."

"காய்ச்சல்லயே முடிச்சேன் மேடம். ஆறாவது அத்தியாயக் கடைசில ஒரு பெரிய கதவு வரும். தொட்டா திறக்காது. 'ஏழாம் அத்தியாயம் பின்னர் தனியாக விற்பனைக்கு வரும்'னு சொல்லும். யார் வாங்கினாலும் அவ்வளவுதான். விமரிசகருக்கும் அதே பிரதிதான்!"

"முடிவே இல்லாத கதையை முழு விலைக்கு வித்திருக்காங்க. நீங்களும் வாங்கியிருக்கீங்க."

"வெளியாகறதுக்கு மூணு நாள் முன்னாடியே ஆடலாம்னு சொல்லி, கொஞ்சம் அதிகமாவே வாங்கிட்டாங்க மேடம்..."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"அப்போ அந்தப் பூட்டின கதவுக்குப் பின்னாடி இருக்கிறதைப் பாத்தவன்தான் இதை எழுதியிருக்கான். கிளம்புங்க. கதவைச் செஞ்சவங்களைப் பாப்போம்!"

நண்பகல். விளையாட்டு நிறுவனம்.

நாலாபுறமும் கண்ணாடி. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வாசகம்: 'நாம் ஒரே குடும்பம்!' குடும்பத்தார் நூற்று நாற்பது பேர் வரிசை வரிசையாகக் குனிந்திருந்தனர். பல மேசைகளின் அடியில் சுருட்டிய பாய்கள். சிலருக்கு வீட்டு வழியே மறந்திருக்கும்!

முதலாளி கிழிந்த ஜீன்ஸில் வரவேற்றார். காசு கொடுத்துக் கிழித்தது.

"பத்துக்குப் பத்து குடுத்த மனுஷன்! பேரிழப்பு மேடம்!"

"ஏழாம் அத்தியாயத்தைப் பாத்திருக்கீங்களா?"

"நானா? ஐயோ! முதல் அத்தியாயத்துலயே பாலத்துலேருந்து விழுந்துட்டேன். அதோட விட்டாச்சு. எனக்கு எங்கே நேரம்?"

ஏட்டு ஒரு கன்ட்ரோலரை அவரிடம் நீட்டினார். முதலாளி அதைத் தலைகீழாகப் பிடித்தார்!

"மேடம், இவர் குற்றவாளி இல்லை," என்றார் ஏட்டு, ஆழ்ந்த வருத்தத்துடன்.

"ஏழாம் அத்தியாயத்தை யார் செஞ்சது?"

முதலாளி மூலையைக் காட்டினார். அங்கே ஒருவர் எழுந்து நின்றார். தலைமை வடிவமைப்பாளர். மழிக்காத தாடி. கசங்கிய சட்டை. கைவிரல்கள் ஒன்றையொன்று பிசைந்தன.

இன்ஸ்பெக்டர் எதிரே அமர்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அரசி முகமூடியைக் கழட்டுறப்போ அழுதீங்களா சார்?"

அவர் கண்கள் நிறைந்தன.

"நாலு வருஷம் மேடம்... அந்த ஒரு காட்சிக்கு நாலு வருஷம்! என் பொண்ணு நடக்க ஆரம்பிச்சதை போன்லதான் பாத்தேன். கடைசில அதைப் பூட்டி, தனியா விப்போம்னுட்டாங்க. அதுக்கும் தேதி இல்லை. யாருமே பாக்காமப் போயிடுமோன்னு..."

"அதனால பொய் விமரிசனத்துலயாவது ஒருத்தர் பாத்ததா இருக்கட்டும்னு எழுதிட்டீங்க."

"கை நிக்கலை மேடம்."

"கொலை எதுக்கு?"

"இருபது விமரிசகர்ல பத்தொன்பது பேர் மார்க் போட்டாச்சு. சராசரி எட்டரை. அது இம்மி குறைஞ்சாலும் நூத்து நாப்பது பேருக்கும் வேலை இல்லைன்னு முதலாளி சொல்லிட்டார். மிச்சம் இருந்தது அரை மார்க் ஒருத்தர்தான். அவர் ஏழரையைத் தாண்டினதே இல்லை! ஏழாம் அத்தியாயத்தை லேப்டாப்புல எடுத்துட்டுப் போய்க் கெஞ்சினேன். 'ஒரே ஒரு தடவை பாருங்க சார்'னேன். திரும்பியே பாக்கலை. 'கடையில விக்கிறதுக்குத்தான் மார்க். உன் பையில இருக்கிறதுக்கு இல்லை'ன்னார். பக்கத்துல அந்தச் சிலை... அப்புறம் திறந்திருந்த அவர் கம்ப்யூட்டர்லயே அந்தப் பத்தைப் போட்டேன்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். ஏட்டு விலங்கை எடுத்தார்.

அப்போது இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது! தங்கை!

"மேடம்... அவன் எப்பவும் முதல்ல நோட்டுலதான் எழுதுவான். தலையணை உறைக்குள்ள வெச்சிருந்தான். படிக்கட்டுமா?"

"படிம்மா."

ஒலிபெருக்கியில் அவள் குரல் தடுமாறித் தடுமாறி வந்தது.

"'ஆறு அத்தியாயங்களும் அற்புதம். பன்னிரண்டு ஆண்டுகளில் நான் யாருக்கும் ஒன்பது போட நினைத்ததில்லை. இன்று நினைத்தேன். முடிவைப் பூட்டி வைத்த வியாபாரத்துக்காக அரை மார்க் வெட்டுகிறேன். இதைச் செய்த கைகளைக் குலுக்க ஆசை. மதிப்பெண்...'" பக்கம் புரளும் ஓசை. "'எட்டரை!'"

வடிவமைப்பாளர் நாற்காலியில் சரிந்தார்.

எட்டரை! தேவைப்பட்டதும் அதுவே! வீரத்திருமகனே, நீ ஓங்கிய சிலை உன்னைப் பாராட்டக் காத்திருந்த மண்டையைப் பிளந்துவிட்டதே!

"ஏன்... ஏன் அவர் என்கிட்ட சொல்லலை?"

"மார்க்கை முன்னாடியே சொல்றவன் விமரிசகன் இல்லைன்னு அண்ணன் சொல்வான்," என்றாள் தங்கை. பிறகு மெல்ல, "மேடம், அந்தப் பத்தை எடுத்துட்டு இதைப் போட்டுடட்டுமா?"

"போடும்மா. இப்பவே போடு."

அதே நொடியில்...

டிங்! டிங்! டிங்! டிங்!

தளம் முழுவதும் செல்போன்கள் ஒலித்தன. நூற்று நாற்பது பேரும் ஒருசேரக் குனிந்து படித்தனர். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலைநீக்க உத்தரவு! அனைவருக்கும்!

இன்ஸ்பெக்டர் ஒரு செல்போனை வாங்கிப் பார்த்தார். உத்தரவில் போன மாதத் தேதி!

"எட்டரை வந்தா வேலை இருக்கும்னீங்களே?"

முதலாளி தோளைக் குலுக்கினார். "வந்தாச்சே மேடம்! விளையாட்டு வெற்றி! செஞ்சு முடிச்ச பொருளுக்கு ஆள் எதுக்கு? சராசரியைச் சொன்னது ஒரு... உற்சாகத்துக்கு."

"போன மாசமே முடிவு பண்ணிட்டு, இந்த மனுஷனைத் தூங்க விடாம விரட்டி விரட்டி வேலை வாங்கியிருக்கீங்க."

"அது சட்டப்படி குற்றமா மேடம்?"

இன்ஸ்பெக்டர் செல்போனை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இல்லை. அதான் எனக்கு வயிறு எரியுது."

ஜீப் புறப்பட்டது. பின்னிருக்கையில் விலங்கோடு ஒரு கலைஞன். முன்னிருக்கையில் ஏட்டு. அவர் செல்போன் ஒளிர்ந்தது. 'இரண்டாம் பாகம்! இன்றே முன்பதிவு செய்யுங்கள்!'

செய்வதற்கு ஓர் ஆள்கூட மிச்சமில்லாத இரண்டாம் பாகம்!

ஏட்டின் கட்டைவிரல் மெல்ல, மெல்லத் திரையை நோக்கி இறங்கியது...

"ஏட்டு!"

"சும்மா பாத்தேன் மேடம்!"

வாசகப் பெருமக்களே! பார்த்தீர்கள் அல்லவா? சிலையை ஓங்கியவனுக்குச் சிறை உண்டு. அவனை ஓங்க வைத்தவனுக்கு என்ன உண்டு? சட்டம் எழுதுபவர்கள் எழுதும்வரை தண்டனை உங்கள் கையில்தான்! முடிக்காத பொருளை வாங்காதீர்கள்! முடிவைப் பூட்டி விற்பவனின் கடையைப் பூட்ட வையுங்கள்! செய்த கைகளை வெளியே தள்ளியவனிடம், "அவர்கள் எங்கே?" என்று கேளுங்கள்! கேட்டுக்கொண்டே இருங்கள்!

அதற்கு முன், அந்த முன்பதிவுப் பொத்தானிலிருந்து விரலை எடுங்கள்.

சீக்கிரம்! கைரேகை நிபுணர் வந்துகொண்டிருக்கிறார்!