உறைந்த நாய் குரைக்கும்

போன் அலறியது!

"இன்ஸ்பெக்டர் பேசறேன்மா. நாய் கழுத்துல உடைஞ்ச ஊசி முனை தெரியுற படம் இருக்குன்னீங்களே... சாயங்காலம் உங்க அண்ணனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறோம்!"

"வாங்க சார். நேர்லயே காட்டறேன்!"

லேப் பெண் போனை வைத்தாள். எதிரே பனிக்கட்டிக்குள் மிளகின் மிச்ச உடல். மிளகு, போலீஸ் மோப்ப நாய். அதற்குச் சோற்றில் விஷம் வைத்ததாக லாக்கப்பில் இருப்பவர், அதை வளர்த்த அவளுடைய அண்ணன்!

மெஷின் கத்தி உறைந்த உடலைத் தலையிலிருந்து நூலளவு சீவும். கேமரா படம் எடுக்கும். மறுபடி சீவும். சீவியது தூளாகிவிடும். படங்களை அடுக்கினால் கம்ப்யூட்டரில் முழு நாய் எழுந்து நிற்கும். இதுவரை இடுப்பு வரை சீவியாயிற்று.

கம்ப்யூட்டரில் படங்களைத் திறந்தாள்.

கழுத்துப் படங்கள்... ஒன்றுகூட இல்லை!

"தேடாதே. நான்தான் அழிச்சேன்."

கதவருகே போலீஸ் நாய்களின் டாக்டர்!

"பாவி! உங்க பையில இருந்த போதைப் பொடியை மோந்துட்டு அது குரைச்சுது. அதுக்காகக் கழுத்துல விஷ ஊசி குத்திக் கொன்னுட்டு, பழியை எங்க அண்ணன் தலையிலயா போட்டீங்க?"

"கத்தாதே. படமும் இல்ல, கழுத்தும் இல்ல. வாயை மூடினா உனக்கு வேலையாவது மிஞ்சும்."

"வேலையைத் தூக்கி உடைப்பில போடுங்க! எங்க அண்ணன் தான் சாப்பிடாம அதுக்கு ஊட்டினவரு. மூட மாட்டேன்!"

ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் நுழைந்தார்.

டாக்டர் முந்திக்கொண்டார். "ஊசியாவது, முனையாவது! நாய் உடம்புல ஊசியே போடலைன்னு நான் சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கேன் சார்."

"கழுத்துப் படம் எங்கம்மா?"

"அழிச்சுட்டாரு சார். நெஞ்சைப் பாருங்க!"

நெஞ்சு... வயிறு... இடுப்பு... படங்கள் ஓடின. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஒரு மெல்லிய கீறல்!

"தலைப் படத்துல இந்தக் கோடு இல்ல சார். கழுத்துல ஊசி முனை பட்டு மெஷின் கத்திக்குப் பல்லு போச்சு. அப்புறம் சீவினது அத்தனையிலயும் கோடு! எண்ணூறு படத்தையும் அழிக்க இவருக்குத் தோணல!"

"அது... எலும்பு பட்டிருக்கும்!" என்றார் டாக்டர்.

"அப்படியா? கழுத்துத் தூளைத் தனிப் பையில கட்டி ஃப்ரீசர்ல வச்சிருக்கேன். காந்தத்தை விட்டு ஊசித் துணுக்கு ஒட்டுதான்னு பார்த்துடலாமா? தூளானாலும் விஷம் விஷம்தானே டாக்டர்!"

டாக்டர் கதவுப் பக்கம் பாய்ந்தார். இன்ஸ்பெக்டர் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார். விலங்கு வெளியே வந்தது.

கையை இழுத்துக்கொண்ட டாக்டரைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"பயப்படாதீங்க டாக்டர்... எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்!"