வெட்டிய அரைப்பக்கம்

ஒத்திகையில், செத்தவனின் மனைவியாக நடிக்கும் நோரீன் ஒப்பாரியை எடுத்ததுமே ஊர்க்கூடத்தின் பின்சுவருக்கு வெளியே ஒரு நாய் பதில் கொடுத்தது. நாடகக் குழு மொத்தமும் சிரித்தது. எழுதி இயக்கிய ப்ரோனாவும்தான். காரில் ஏறும்போது அவளுக்கு உறைத்தது: அந்தச் சுவருக்குப் பின்னால் தெருவே கிடையாது. செங்குத்தான பாறை, அதற்குக் கீழே கடல்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. முன்னறைக் கட்டிலில் கணவன் டோனல் அவளுடைய கையெழுத்துப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தான். நுரையீரல் நோய், பதினோரு மாதமாகப் படுக்கை. நாடகத்தின் மூலக்கதை, நடக்க முடிந்த காலத்தில் கெர்ரி மாவட்டம் முழுக்க அலைந்து, கேட்டு அவன் எழுதி வைத்தது. செத்தவனைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டிக் கிடத்தும்வரை வீட்டில் யாரும் அழக்கூடாது. அழுதால், உயிர் போகும் வழியில் படுத்திருக்கும் நாய்கள் விழித்து அதைத் துரத்தும்.

"அரைப்பக்கத்தக் காணோமே, டைரக்டரம்மா?"

"குளிப்பாட்டுற சீன்தானே. பொணத்துக்குச் சட்ட மாட்டுறத யாரு உக்காந்து பாப்பா? நாப்பது நிமிஷம் தாண்டுனா நாடகப் போட்டில மார்க் போயிடும்."

"அப்ப நோரீன் எப்ப அழுவா?"

"அவன் கண்ண மூடுன ஒடனே."

"போச்சு. அந்த ஆளு தப்பிக்கவே மாட்டான்." இருமி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. "எனக்காச்சும் ஒழுங்கா சட்டய மாட்டிட்டு அழு."

"வாய மூடிட்டு டீயக் குடி."

அடுத்த ஞாயிறு, மாலை நாலு மணி, நவம்பர் வெளிச்சம் ஜன்னலை விட்டு நழுவிக்கொண்டிருந்தபோது, இரண்டு கரண்டித் தேநீருக்கு நடுவில் அவன் போய்விட்டான். நெற்றிச் சுருக்கம் மெல்ல விரிந்தது. கல்யாணத்தன்றுகூட அவன் முகம் இத்தனை நிம்மதியாக இருந்ததில்லை. நர்ஸுக்குப் போன் செய்தாள். வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

அவளுக்கு நாய்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவன் கேட்டிருந்தான். ஆகவே அழாமல் வெந்நீர் கொண்டுவந்தாள், சோப்பின் மணமும் மருந்தின் வாடையும் கலந்த அந்த அறையில் அவன் விலா எலும்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், குழாய் சொட்டுவதையும் கடிகாரம் ஓடுவதையும் தவிர வேறு சத்தமில்லாத வீட்டில் தன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அவனுடைய நீலச் சட்டையை விரித்தாள்.

"கைய நீட்டு," என்றாள், தினமும் காலையில் சொல்வதுபோல. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

அவன் நீட்டவில்லை.

அப்போது அவள் நெஞ்சிலிருந்து கிளம்பியது நோரீனின் ஒப்பாரி போல இல்லை. அதற்கு ராகம் இல்லை. வயிற்றைப் பிளந்துகொண்டு வந்து வீடெல்லாம் நிறைந்தது.

தூரத்து வயலுக்கு அப்பால் ஒரு குரைப்பு.

வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் இன்னொன்று. கிணற்றடியில். கொல்லைப்புறத்தில். பிறகு குரைப்பு நின்றது. அதுதான் மோசம். நடைவழிப் பலகைத் தரையில் நகங்கள். பல நகங்கள். பூட்டிய கதவின் இந்தப் பக்கம். நனைந்த ரோமத்தின் வாடை.

போர்வையின் கால்மாட்டு நுனி இறுகியது. யாரோ பிடித்திருப்பதுபோல. ஓர் இழுப்பு. இன்னொன்று.

அவசர அவசரமாக அவன் கையைச் சட்டைக்குள் நுழைத்தாள். ஒரு பொத்தான். இரண்டாவது.

போர்வை சட்டென்று தளர்ந்தது. அவள் நிமிர்ந்தாள். டோனலின் உடம்பு அசையவில்லை. ஆனால் அந்த நிம்மதி முகத்தில் இல்லை. கண்கள் திறந்து வாசலையே பார்த்தன. வாய் கூப்பிடுவதுபோல் அகன்றிருந்தது.

வெளியே குரைப்பு மறுபடி எழுந்தது, விலகிப் போனது. நாய்களுக்கு முன்னே ஓர் ஆள் ஓடுவது கேட்டது. மூச்சிரைத்து. தடுக்கி விழுந்து. எழுந்து, மறுபடி ஓடி. பதினோரு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்க முடியாதவன்.

அவன் பெயர் அவள் தொண்டைவரை வந்தது. கூப்பிட்டால் இன்னும் எத்தனை நாய்கள் விழிக்குமோ. தன் கையைக் கடித்துக்கொண்டாள், ரத்தம் வரும்வரை. மறுகையால் மூன்றாவது பொத்தானைத் தேடினாள்.