சாயாத வண்டி

நண்டுவின் அம்மா மோட்டார் சைக்கிள் வாங்கி வந்த அன்று பாதித் தெரு அவர்கள் வாசலில்தான் நின்றது.

வண்டி புத்தம் புதுசு. ஆனால் பார்த்தால் அந்தக் காலத்து வண்டி மாதிரி இருக்கும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தார்கள். உருண்டை விளக்கு, கம்பி வைத்த சக்கரங்கள், கரும்பச்சை நிறத்தில் பெட்ரோல் டாங்க். ஸ்டார்ட் செய்தால் ‘டுப்... டுப்... டுப்...’ என்று அவசரமே இல்லாமல் சத்தம் போடும்.

“போயும் போயும் பழைய வண்டியா வாங்கினீங்க?” என்று கேட்டார் மாடி வீட்டுப் பல் டாக்டர்.

“புதுசுதான் டாக்டர். தாத்தா வேஷம் போட்டிருக்கு, அவ்வளவுதான்” என்றார் அம்மா.

டாக்டர் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். “எப்பவாவது விக்கறதா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க” என்றார்.

அம்மாவுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. பன்னிரண்டு மாடிக் கட்டடத்திலும் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு லிப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் பாட்டுப் பாடியபடி இறங்குவார். அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவருடைய கடை. அப்பாவுக்கு உடம்பும் பெரிது, குரலும் பெரிது. சிரித்தால் ஊசி டப்பா அதிரும்.

நண்டுவுக்குப் பத்து வயது. தவழ்கிற வயதில் நேராகப் போகாமல் பக்கவாட்டிலேயே போனதால் வந்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

முதல் சுற்று நண்டுவுக்குத்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். திருப்பம் வந்ததும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அம்மாவும் சாய்ந்தார். நண்டுவும் சாய்ந்தாள். வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டியது போல இருந்தது.

“அடுத்தது நீங்க வாங்க” என்று அப்பாவை அழைத்தார் அம்மா.

“ஒரு கோட்டு பாதியில நிக்குது. நாளைக்குப் பார்க்கலாம்” என்றார் அப்பா.

மறுநாள், “முதுகு பிடிச்சிருக்கு” என்றார்.

அதற்கு மறுநாள், “மழை வர்ற மாதிரி இருக்கே” என்றார். அம்மா வானத்தைப் பார்த்தார். பஞ்சளவுகூட மேகம் இல்லை.

நான்காம் நாள் அம்மா எதுவும் கேட்கவில்லை. சமையலறையில் ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

“உங்கப்பாவுக்கு வண்டி பிடிக்கல போல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஏரிக்குப் போகலாம்னு ஆசை ஆசையா வாங்கினேன். பேசாம டாக்டருக்கே குடுத்துடலாமான்னு இருக்கு” என்றார்.

நண்டுவுக்குச் சுருக்கென்றது. “அவசரப்படாதம்மா. கொஞ்ச நாள் போகட்டும்” என்று பெரிய மனுஷி போலச் சொன்னாள்.

மறுநாள் அவள் பள்ளியிலிருந்து திரும்பியபோது கடையில் அப்பா இல்லை. தையல் மெஷின் சும்மா நின்றது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனவள், வண்டி நிறுத்தும் கொட்டகை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்பா வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஹெல்மெட். கண்கள் இறுக மூடியிருந்தன. வண்டியோ ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்தது.

“என்னப்பா பண்றீங்க?”

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாக இறங்கினார். அங்குமிங்கும் பார்த்தார். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“பழகிப் பார்த்தேன். வண்டி நின்னுக்கிட்டிருந்தா ஒண்ணும் ஆகல. ஆனா ஓடும்போது அது சாயுது பாரு, அதை நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கு. உன் வயசுல ஒரு திருப்பத்துல விழுந்தேன். அன்னைலேர்ந்து இப்படித்தான்.”

“இதை அம்மாகிட்ட சொல்லலாமே?”

“எப்படிடா சொல்றது? உங்கம்மா பன்னிரண்டு மாடி ஆழத்துல தொங்கிக்கிட்டு வேலை பாக்கறா. நான் ஒரு பைக்குல உக்காரப் பயப்படறேன்னா சிரிக்க மாட்டாளா? நீ சொல்லிடாதே. சத்தியமா?”

“சத்தியமா” என்று சொல்லிவிட்டாள் நண்டு. சொன்ன பிறகுதான் சிக்கல் புரிந்தது. அப்பாவுக்குப் பயம் என்று அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு வருத்தம் என்று அப்பாவுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளாலும் வாயைத் திறக்க முடியாது!

சனிக்கிழமை வண்டியை முதல் சர்வீசுக்கு விட அம்மா போனபோது நண்டுவும் கூடப் போனாள். மெக்கானிக் கொட்டகையில் எண்ணெய் வாசம் தூக்கலாக இருந்தது. மூலையில் ஏதோ ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. நண்டு மெல்லத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். சின்னப் படகு ஒன்றுக்கு ஒற்றைச் சக்கரம் மாட்டியது போல இருந்தது.

“அது சைட்கார் பாப்பா. பைக்குக்குப் பக்கத்துல மாட்டி, உள்ள ஒருத்தர் உக்காந்துக்கிட்டுப் போகலாம்” என்றார் மெக்கானிக்.

“இதை மாட்டினா திருப்பத்துல வண்டி சாயுமா?”

“அதெப்படிச் சாயும்? மூணு சக்கரம் ஆயிடுதே. மேஜை மாதிரி தட்டையாத்தான் திரும்பும்.”

நண்டுவின் கண்கள் விரிந்தன. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“அம்மா, நாம சைட்கார் மாட்டலாமா?”

“எதுக்குடி? நீதான் பின்னாடி ஜம்முனு உக்காந்துக்கறியே.”

“நாம மூணு பேர் இருக்கோம். ரெண்டு சக்கரத்துல மூணு பேர் போகக்கூடாது. அப்போ ஏரிக்கு யாராவது ஒருத்தர் வராம இருக்கணுமா?”

அம்மா மூன்று விரல்களை மடக்கிப் பார்த்தார். இவ்வளவு எளிய கணக்கு தனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“வண்டி அகலமாயிடுமே. நம்ம கேட்டுக்குள்ள நுழையுமா?”

“அளந்துட்டு வரேன்!”

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் அளவு நாடாவை எடுத்து நண்டு கேட்டை அளந்தாள். மெக்கானிக் சொன்ன அகலத்தைவிட நாலு விரல் கூடுதலாகவே இருந்தது. தவறாக இருக்கப்போகிறதே என்று இன்னொரு முறை அளந்தாள். அதே நாலு விரல்.

ஒரு மாதத்தில் வாங்கவேண்டிய அனுமதியெல்லாம் வாங்கி, சைட்காருக்கும் கரும்பச்சை வண்ணம் பூசி, வண்டியோடு சேர்த்து மாட்டியாயிற்று. “ஒழுங்கா பழகின பிறகுதான் ஆளை ஏத்தணும்” என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் இரண்டு வாரம் காலி மைதானத்தில் அம்மா பழகினார். சைட்காரில் ஒரு மணல் மூட்டை சொகுசாக உட்கார்ந்து வலம் வந்தது. போகிற வருகிறவர்கள் அதற்குக் கையசைத்தார்கள்.

சீட்டுக்கு உறை தைக்கும் வேலை அப்பாவுடையது. தோல்துணியை விரித்து, சாக்பீசால் கோடு போட்டார்.

“இங்க வா நண்டு, உனக்கு அளவு எடுக்கணும்.”

நண்டு மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். “இன்னும் அகலமா தைங்கப்பா.”

“எவ்வளவு அகலமா?”

“உங்க அளவுக்கு.”

அப்பாவின் கையிலிருந்த சாக்பீஸ் நின்றது.

“மூணு சக்கரம் இருந்தா சாயாதாம். மெக்கானிக்கிட்ட கேட்டுட்டேன்” என்றாள் நண்டு, குரலைத் தாழ்த்தி. “அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லல. மூணு பேரா போகணும்னு மட்டும்தான் சொன்னேன். அது நிஜம்தானே?”

அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு போட்ட கோட்டை அழித்துவிட்டு, தாராளமாக வேறு கோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றார்கள்.

“நண்டு, நீ சைட்கார்ல ஏறு” என்றார் அம்மா.

“எனக்கு உன் பின்னாடிதான் பிடிக்கும். அப்பா உக்காரட்டும்.”

அப்பா ஒரு காலை வைத்தார். மறு காலை வைத்தார். மூச்சை இழுத்துப் பிடித்து உள்ளே இறங்கினார். சைட்கார் ‘க்ரீச்’ என்றது. மாடியிலிருந்து பல் டாக்டர் எட்டிப் பார்த்து, “பொருத்தமா இருக்கு!” என்று கத்தினார்.

வண்டி கிளம்பியது. முதல் திருப்பம் வந்தபோது அப்பா இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். வண்டி திரும்பியது. துளியும் சாயவில்லை. அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொன்றை.

“சாயலை!” என்று கூவினார். “ஏய், சாயவே இல்லை!”

“என்னங்க?” என்றார் அம்மா. எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை.

“எனக்கு இத்தனை நாளா...” என்று அப்பா கத்தினார்.

“என்ன? கேட்கல!”

சிக்னலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அம்மா எஞ்சினை நிறுத்தினார்.

“பயமா இருந்துச்சு!” என்று அப்பா அதே வேகத்தில் கத்தினார்.

சிக்னலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பஸ் முழுக்கத் தலைகள் எட்டிப் பார்த்தன. அப்பாவின் காது சிவந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? “பைக் சாயும்போது எனக்குப் பயம். அதான் வரல” என்று மெதுவாகச் சொன்னார்.

அம்மா சிரிக்கவில்லை. கையை நீட்டி, அப்பாவின் ஹெல்மெட் வாரைச் சரிசெய்தார்.

“வண்டி பிடிக்கலையோன்னு நான் எவ்வளவு கவலைப்பட்டேன் தெரியுமா? இதை முதல்லயே சொல்லியிருந்தா சைட்காரை முதல்ல வாங்கிட்டு, பைக்கை அப்புறமா வாங்கியிருப்பேன்!”

அப்பாவின் பெரிய சிரிப்பு வெடித்தது. பச்சை விளக்கு எரிந்ததும் அவர் பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டே கிளம்பினார்.

ஏரிக்கரையில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. அம்மாவும் நண்டுவும் இறங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் இறங்கவில்லை.

“இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேனே. இறங்க மனசே வரல.”

நண்டு குனிந்து பார்த்தாள். “அம்மா, அப்பாவுக்கு மனசு வரும்மா. இடுப்புதான் வெளிய வரல!”

அம்மா ஒரு கையைப் பிடித்தார், நண்டு இன்னொரு கையைப் பிடித்தாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில், இழுக்கத்தான் யாருக்கும் தெம்பில்லை.