நடுவில் நின்ற தூண்

வகுப்பில் அவளுக்குத் தூண் என்று பெயர். உயரமாக இருப்பதால் வந்த பெயர் இல்லை. ஏழு வருடங்களுக்கு முன் இடித்த திரையரங்கில், ஆட்கள் உட்காரும் இடத்துக்கு நட்டநடுவே ஒரு தூண் நின்றது. அதைக் கட்டிய கொத்தனார் அவளுடைய தாத்தா.

“படம் பார்க்கிற இடத்துல தூணை நட்ட புத்திசாலி யாரு?” என்று தையல்காரர் மகன் அடிக்கடி கேட்பான். வகுப்பே சிரிக்கும். தாத்தாவை அவள் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அவரைக் கேலி செய்தால் அவளுக்கு மூக்கு நுனி சிவந்துவிடும்.

பள்ளியில் ஊர் வரலாற்றுக் கண்காட்சி வந்தது.

“திரையரங்கு பத்தி நான் சொல்றேன், டீச்சர்!” என்று எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் உறைத்தது. காட்டுவதற்கு ஒரு புகைப்படம்கூட இல்லையே!

அவளுடைய அப்பாவும் கொத்தனார்தான். அன்று மாலை அவர் கரண்டியில் ஒட்டிய சிமெண்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“தாத்தா ஏன்பா நடுவுல தூண் வெச்சாரு?”

“முதலாளி ஒரு நீளமான உத்தரம் வாங்காம, ரெண்டு குட்டை உத்தரம் வாங்கிட்டு வந்துட்டாரு. ‘நடுவுல ஒட்ட வெச்சுடு’ன்னாரு. ‘அடியில முன்னூறு பேர் உட்காருவாங்க, தூண் இல்லாம கூரை போட மாட்டேன்’னு தாத்தா ஒத்தக்கால்ல நின்னாரு.”

“தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்தவங்க எப்படிப் படம் பார்த்தாங்க?”

அப்பா சிரித்தார். “முதல் பாதி தூணைப் பார்ப்பாங்க. இடைவேளை மணி அடிச்சதும் பக்கத்து ஆளோட இடம் மாத்திக்குவாங்க. போர்டு எல்லாம் கிடையாது. ஒரு நாளும் சண்டை வந்ததில்ல.”

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. “அது இன்னும் அவங்களுக்கு ஞாபகம் இருக்குமா?”

“ஏழு வருஷம் ஆச்சேம்மா!” அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

கண்காட்சி நாளில் வகுப்பறைச் சுவரில் தான் வரைந்த திரையரங்கின் படத்தை மாட்டினாள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். பெரியவர்கள் வந்து உட்கார்ந்ததும், அவர்களுக்கு முன்னால் நடுவில் போய் விறைப்பாக நின்றுகொண்டாள்.

“நான்தான் அந்தத் தூண். முப்பது வருஷம் உங்க கிட்ட திட்டு வாங்கினேன்...”

பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு நேர் எதிரே மாட்டிக்கொண்ட தையல்காரர், சுவரில் இருந்த படத்தைப் பார்க்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தை நீட்டினார். அவள் நகரவே இல்லை. இரண்டு உத்தரங்களின் கதையைச் சொல்லி முடித்ததும், பேசி வைத்தபடி அவளுடைய தோழி பள்ளி மணியை அடித்தாள்.

டங்!

யாரும் அசையவில்லை.

“ம், எழுந்திருங்க, என் முறை,” என்றார் தையல்காரர். பக்கத்தில் இருந்த பால்காரர் மறுபேச்சு பேசாமல் எழுந்து இடம் கொடுத்தார். பின்வரிசையில் தலைமையாசிரியையும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார். பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

தையல்காரர் மகன் வாயைப் பிளந்தான். “யாருப்பா மாறச் சொன்னாங்க?”

“சொல்லணுமாக்கும்? மணி அடிச்சுதே! இதோ பாரு, நீ பிறக்கறதுக்கு முன்னாடி ஒரு பெரிய புயல். ஊர்ல பாதிக் கூரை பறந்துடுச்சு. உன்னை வயித்துல வெச்சுக்கிட்டு உங்கம்மா எங்க உட்கார்ந்திருந்தா தெரியுமா? அந்தத் தூணுல சாஞ்சுக்கிட்டு!”

“சுவரை ஒரே நாள்ல இடிச்சாங்க,” என்றார் தலைமையாசிரியை. “தூணை இடிக்க மூணு நாள் ஆச்சு.”

கதவோரம் நின்ற அப்பா, சிமெண்ட் காய்ந்த கையால் தன் மீசையைத் தடவிக்கொண்டார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்கும்தான்.

மறுநாளும் அவள் பெயர் மாறவில்லை.

“ஏய் தூண்!” தையல்காரர் மகன் கூப்பிட்டான். “என் ஜன்னலோர இடத்துல நீ உட்காரு. மணி அடிச்சா மாத்திக்கலாம்.”

தூண் நிமிர்ந்து நடந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.