நூறு வீட்டு அரிசி

"இன்னைக்கும் ரெண்டு பிடியா? ஒரு பிடின்னுதானே பேச்சு!"

கருணாவதி குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். சிறியாலதா உலைக்கென்று அளந்து வைத்த அரிசியிலிருந்து இரண்டாவது பிடியையும் அள்ளி, விகாரைக்குக் கொண்டுபோகும் துணிப் பைக்குள் போட்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"என் பங்குதான் அக்கா. ராத்திரிக்கு நான் சாப்பிடல."

"ஆமா, நீ பட்டினி கிடந்து மெலிஞ்சு போ! நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? நாத்தனார்க்காரி சோறு போடலைன்னு என்னைத்தானே பேசும்!"

பின்முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த சிறியாலதாவின் புருஷன் குணபால அங்கிருந்தே கத்தினார். "பௌர்ணமிப் போயா நாளும் அதுவுமா காலையிலேயே ஆரம்பிச்சிட்டீங்களா? மனுஷன் இருக்கிற இருப்புல..."

அவர் இருந்த இருப்பு அப்படி. டீசல் இல்லாமல் மூன்று வாரமாக அவருடைய பஸ் பலாமரத்தடியில் நின்றது. காஸ் இல்லை, பால்மா இல்லை. பாணுக்கு விடியலிலேயே வரிசை. சம்பளம் வாங்கியவன், கூலிக்குப் போனவன், கடை வைத்திருந்தவன் என்று எல்லாருக்கும் ஒரே கதிதான். அக்குரஸ்ஸைப் பக்கத்து அந்த ஊரில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் விகாரையின் பெரிய பிக்குவான ஹாமுதுரு பிடியரிசியை ஆரம்பித்து வைத்தார். உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு பிடி எடுத்து வைக்க வேண்டும். போயாவுக்குப் போயா அதைப் பையில் கொண்டுவந்து தர்ம உபதேசம் நடக்கும் பண மண்டபத்துக் களஞ்சிய அறையில் கொட்ட வேண்டும். இல்லாதவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனால் யார் வாங்குவார்கள்? நேற்றுவரை தானம் கொடுத்த கை இன்று நீளுமா? அதற்கும் ஹாமுதுருவே ஒரு வழி சொன்னார். எல்லாரும் பையோடு வரட்டும், எல்லாரும் பையோடு போகட்டும். அறைக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான். உள்ளே சிறியாலதா மட்டும் இருப்பாள். கொடுக்க வந்தவர் பையில் விகாரைத் தோட்டத்து மரவள்ளியும் கீரையும் போட்டு அனுப்புவாள். வாங்க வந்தவர் பையில் அடியில் அரிசி, மேலே அதே மரவள்ளி, அதே கீரை. வெளியே வரும்போது எல்லாப் பையும் ஒரே மாதிரிதான் உப்பியிருக்கும். பேர் எழுதுவதில்லை. யார் எது கொண்டுபோனார்கள் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அது அவளோடு போய்விட வேண்டும். "உன் வாயைத்தான் நம்பறேன் மகளே" என்று சொல்லித்தான் ஹாமுதுரு சாவியைக் கொடுத்தார்.

அந்த வாய்க்குத்தான் அன்றைக்குச் சோதனை வந்தது.

ஹாமுதுரு கண் அறுவைக்காகக் காலி நகரத்துக்குப் போயிருந்தார். களஞ்சியத்தில் அரிசி தீர்ந்துபோய், பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் அடியில் ஒன்றுமில்லாத பையோடு திரும்பினார்கள். அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை. வாங்கப் போன யாரோ வெளியே அழுதிருக்க வேண்டும். மண்டபத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. விகாரைச் சபைத் தலைவர் விஜேதுங்க, தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், "நூறு வீட்டு அரிசி எங்கேதான் போகுது?" என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கருணாவதி எழுந்தாள்.

"என் தம்பி பெண்டாட்டியாச்சேன்னு இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். போன போயா அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் இவ ஒரு முழுப் பையைத் தூக்கிக்கிட்டு வாய்க்கால் பக்கமா போனா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்! அந்தப் பை எங்க வீட்டுக்கு வரல. எந்தக் கடைக்காரனுக்குப் போச்சுன்னு கேளுங்க!"

மண்டபம் கொதித்தது.

"அதானே பார்த்தேன்!" 

"கள்ள விலைக்கு வித்திருப்பா!"

"புள்ள குட்டி இல்லாதவளுக்கு அடுத்தவன் புள்ளை பசி எங்கே தெரியும்?"

கடைசியாகச் சொன்னவளுடைய வீட்டில் மூன்று போயாவாகக் கொதித்த உலை சிறியாலதா கொடுத்த அரிசியால் கொதித்தது. கத்தியவர்களில் இன்னும் மூன்று பேர் அவள் கையால் வாங்கியவர்கள். அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருப்பார்கள். பாவி மனுஷி, சொல்லவில்லை.

"மகளே, பை கொண்டுபோனது உண்மையா?" என்றார் விஜேதுங்க.

"உண்மைதான்."

"யாருக்கு?"

"பசிச்சவங்களுக்கு. பேர் சொல்ல மாட்டேன். கேக்கக் கூடாதுன்னுதானே ஹாமுதுரு சொல்லியிருக்காரு?"

"அது சரி! திருடறவளுக்கு இதைவிட நல்ல சட்டம் கிடைக்குமா?" என்றாள் கருணாவதி.

குணபாலவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் சுற்றிலும் பார்த்தார். ஒலிபெருக்கிப் பக்கத்தில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான் அவருடைய தம்பி ருவன். பிடியரிசி தொடங்கிய அன்று அதே ஒலிபெருக்கியில் "என் பங்கு ஐம்பது கிலோ!" என்று அறிவித்துக் கைதட்டு வாங்கியவன்.

"தம்பி, நீ சொல்லு. வாய்க்கால் பக்கம்தானே உன் வீடும் இருக்கு? இவ உங்க வீட்டுக்கு ஏதாவது கொண்டு வந்தாளா?"

சிறியாலதா நிமிர்ந்தாள். தாயை இழந்த ஒன்பது வயதுப் பிள்ளையாக அவனை அவள் கையில் ஒப்படைத்தார்கள். அப்போது அவள் புது மணப்பெண். அண்ணியை அவன் அக்கா என்றே கூப்பிட்டு வளர்ந்தான். தனக்கென்று ஒன்று பிறக்காமலே போனபோது, இவன் இருக்கிறானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கழுத்துச் சங்கிலியை விற்றுப் படிக்க வைத்தாள். அவன் கல்யாணத்துக்குப் பலகாரம் சுட்டுக் கையையும் சுட்டுக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் குசினிக்குள் வந்து அடுப்புக்கு எதிரே குந்திக்கொண்டு அவன் தேம்பித் தேம்பி அழுதான். "தையல் தொழிற்சாலையை மூடிட்டாங்க அக்கா... டில்ருக்ஷிக்குத் தெரியாது... காலையில உடுத்திக்கிட்டுக் கிளம்பி, வெலிகம கடற்கரையில உக்காந்துட்டு வர்றேன்... வீட்டுல அரிசி இல்ல. பையைத் தூக்கிக்கிட்டு அந்த வரிசையில நிக்க என்னால முடியாது. அண்ணனுக்குக்கூடச் சொல்லிடாதீங்க, செத்துப் போயிடுவேன்!" என்றான். அந்தப் பையைத்தான் அவள் சுமந்தாள். அவன் பெண்டாட்டி டில்ருக்ஷியிடம் "எங்க அம்மா ஊரு வயல் அரிசி" என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொன்னாள்.

'சொல்லிடு தம்பி... நான் சொல்லக் கூடாது, நீ சொல்லலாம்' என்று அவள் கண் கெஞ்சியது.

ருவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க வீட்டுக்கா? எங்களுக்கு எதுக்கண்ணே? எனக்கென்ன, வேலை இல்லையா, சம்பளம் இல்லையா?" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, பெரிய மனுஷன் போல் சொன்னான். "பெரிசு படுத்தாதீங்க. புள்ளை இல்லாத கவலையில அக்காவுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல. அப்படியே எடுத்திருந்தாலும்... நான் திருப்பிக் கொடுத்திடறேன்."

ஐயோ! திருடி என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மன்னித்து விட்டானே! சோறு ஊட்டிய கைக்கு அவன் மன்னிப்புக் கொடுத்தான், ஊரும் "நல்ல பிள்ளை" என்று தலையாட்டியது.

"சாவியைக் குடுத்துட்டு வா" என்றார் குணபால. அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சிறியாலதா அழவில்லை. நாலு சேலையை எடுத்து ஒரு பையில் வைத்தாள். குணபால கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு தடவை கேக்கறேன். யாருக்குக் குடுத்தே?"

"சொல்ல மாட்டேன்."

"கட்டின புருஷன்கிட்டயுமா?"

"இன்னைக்கு உங்ககிட்ட ஒரு பேரைச் சொன்னா, நாளைக்கு வேற ஒருத்தி எந்த நம்பிக்கையில அந்த அறைக்குள்ள வருவா?"

"அப்போ ஊர் சொல்றது..."

"ஊரை விடுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

 இருபத்திரண்டு வருஷம் ஒரே பானையில் சாப்பிட்டவர், தரையைப் பார்த்தார். அப்போதுதான் அவளுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

வெளியே படலை தடாலென்று திறந்தது.

"அக்கா! அக்கா எங்கே?"

டில்ருக்ஷிதான். இடுப்பில் காய்ச்சல்காரக் குழந்தை, மற்றக் கையில் அரிசிப் பை. செருப்புகூடப் போடவில்லை. குழந்தைக்கு முடியாததால் அவள் விகாரைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி போய், நடந்ததைச் சுடச்சுடச் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்கு வந்த ருவனை டில்ருக்ஷி உலுக்க, வேலை போன கதையும் வெளியே வந்துவிட்டது. பின்னாலேயே ருவன் ஓடி வந்தான். "டில்ருக்ஷி, நில்லு! வீட்டுல பேசிக்கலாம்..." வேலியோரம் தலைகள் முளைத்தன. விஜேதுங்கவும் சபைக்காரர்கள் இரண்டு பேரும் தெருவில் நின்றார்கள்.

டில்ருக்ஷி முற்றத்தில் கிடந்த சுளகை இழுத்து, பையைக் கவிழ்த்தாள்.

"பாருங்க! எல்லாரும் வந்து பாருங்க! இது ஒரு வயல்ல வெளஞ்ச அரிசியா?"

சிவப்பு, வெள்ளை, குண்டுச் சம்பா, நீண்ட நாட்டரிசி, புழுங்கல், பச்சை எல்லாம் சுளகில் ஒன்றாகக் கிடந்தன. நூறு வீட்டுப் பிடி! அந்த ஊரில் கடைக்காரனிடமும் கிடைக்காது, மில்காரனிடமும் கிடைக்காது, களஞ்சிய அறையைத் தவிர வேறெங்கும் கிடைக்காது.

"அம்மா ஊரு அரிசின்னு சொல்லி அக்கா கொண்டு வந்து குடுத்தாங்க. சமைச்சா பாதி குழையும், பாதி நறுக் நறுக்குன்னு நிக்கும். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அந்த ஊரு மில்காரன் அக்காவை ஏமாத்திட்டான்னு... இத்தனை நாளா அவனைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்! இது பிடியரிசின்னு எனக்குப் புத்தியில பட்டுதா, மடச்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "வேலை போயிடுச்சுன்னு என்கிட்ட சொன்னா நான் என்ன விட்டுட்டா ஓடியிருப்பேன்? உங்களுக்குச் சோறு போட்டவங்களைத் திருடின்னு சொல்ல வாய் வந்துச்சே, பசிக்குதுன்னு சொல்ல வரலையா உங்களுக்கு?"

கருணாவதி சுளகின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். அதில் இருந்த கருஞ்சிவப்பு அரிசி அவர்கள் சொந்த வயலில் விளைந்தது. தினமும் அவள் கண்ணெதிரே, தன் பங்கென்று சிறியாலதா அள்ளிய அரிசி. கையிலிருந்தது நழுவிக் கொட்டியது. "நான் பெரிய பாவி..." என்று அங்கேயே குலுங்கினாள்.

சிறியாலதா வாசலுக்கு வந்தாள். டில்ருக்ஷி பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். குழந்தை நடுவில் நசுங்கிச் சிணுங்கியது. மூன்று பேரும் அழுதார்கள். ருவன் நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தான்.

"அக்கா... என்னை மன்னிச்சுடுங்க... வெட்கம் அக்கா, அந்த நேரத்துல வெட்கம் என்னைக் கொன்னுடுச்சு..."

"உனக்கு இருந்த வெட்கம் எனக்கு இருக்காதாடா?" என்றாள் அவள். "நீ அரிசி வாங்கினதுக்கு எனக்குக் கோவம் இல்ல. பொய் சொன்னதுக்குக்கூட இல்ல. ‘எடுத்திருந்தாலும் திருப்பிக் கொடுத்திடறேன்’னு சொன்னே பாரு... அந்த வார்த்தை இங்கே, நெஞ்சுலயே நிக்குது. எப்போ இறங்கும்னு எனக்கே தெரியல." அவள் கை தன்னையறியாமல் அவன் தலைமேல் போனது. "எழுந்திரு. அடுத்த போயாவுக்கு நீயே பையோட வா. எல்லாரும் போல வா."

விஜேதுங்க சாவியை நீட்டிக்கொண்டு வந்தார். "மகளே, எங்க புத்தி கெட்டுப் போச்சு. இனி நீதான்..."

"அரிசி திருட்டுப் போய்க் குறையல ஐயா. பிடி சின்னதாயிடுச்சு, வாங்கறவங்க பெருகிட்டாங்க. அதைக் கேக்க ஒருத்தருக்கும் தோணல." அவள் வேலிப் பக்கம் பார்த்தாள். நாலு தலைகள் சட்டென்று கீழே போயின. "சாவியை டில்ருக்ஷிகிட்ட குடுங்க. வாங்கினவளுக்குத்தான் எங்கே வலிக்கும்னு தெரியும். அதுக்கு முன்னால, வெறும் பையோட போன வீடுகளுக்கு இன்னைக்கே ஒரு வழி பண்ணுங்க."

உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். குணபால கை கூப்பினார். கண்ணீர் தாடையில் வழிந்தது.

"போகாதே... அவனே என் முகத்தைப் பார்த்துச் சொன்னானே, நான் எப்படி நம்பாம இருப்பேன்?"

"அவன் பசியில பொய் சொன்னான். நீங்க எந்தப் பசியில நம்பினீங்க?"

அவர் கூப்பிய கையைத் தாழ்த்தினார்.

"உங்க மேல வெறுப்பு இல்ல. திரும்பி வருவேன். ஆனா இன்னைக்கு இந்த வீட்டுல உலை வைக்க எனக்குக் கை வராது. அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்."

"பதினோரு மைல்... பஸ்கூட இல்லையே..."

"தெரியும்."

குணபால அவள் கையிலிருந்த பையை வாங்கினார். அவள் தடுக்கவில்லை.

"நானும் கூட நடந்து வர்றேன்."

"வாங்க. ஆனா எதுவும் பேசாதீங்க."

அவர் வழி நெடுக மேல்சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தார். சிறியாலதா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ரப்பர்த் தோட்டத்து மேட்டில் அவருக்கு மூச்சு வாங்கியபோது மட்டும், தன் நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.