மாடிக் குளியலறை

வருடத்தின் கடைசி வாரம். காலை பத்து மணிக்கே பிளம்பர் அந்தப் பழைய மாடி வீட்டுக்கு வந்துவிட்டார். அதை வாங்கிக் குடிவந்த தம்பதி இன்னும் பெட்டிகளைக்கூட முழுதாகப் பிரித்திருக்கவில்லை. மனைவிக்கு ஏழாம் மாதம்.

"துருப்பிடிச்ச குழாய் எல்லாத்தையும் புது வருஷத்துக்குள்ள மாத்திடுங்கண்ணே. குழந்தை வர்றப்ப வீட்ல நல்ல தண்ணி வரணும்," என்றாள்.

"குழந்தை வர இன்னும் ரெண்டு மாசம் இருக்கு தங்கச்சி. நான் அவ்வளவு மெதுவா வேலை பாக்குறவன் இல்ல."

அவள் சிரித்தாள். கணவன் புதுக் குழாய்கள் வாங்கக் கடைக்குக் கிளம்பினான்.

பிளம்பர் மெயின் வால்வை மூடினார். மொட்டைமாடித் தொட்டியைக் காலி செய்தார். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டார். கடைசிச் சொட்டும் வடிந்து வீடு அடங்கியது.

இல்லை, அடங்கவில்லை.

மாடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

வாளி நிறையும் சத்தம். இருபது வருடம் தண்ணீரோடு மாரடித்த காதுக்கு அது தப்பாது. முதலில் தகரத்தில் விழும் ஓசை, பிறகு தண்ணீரிலேயே விழும் ஓசை. மெல்லப் படியேறினார்.

மாடிக் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. சற்று முன்தான் அவர் உள்ளே போய்ப் பார்த்திருந்தார். தரையெல்லாம் தூசி, குழாயில் பொட்டுத் தண்ணீர் இல்லை. இப்போது கதவிடுக்கில் ஈரத் தலைமுடியின் வாடை கசிந்தது. தள்ளிப் பார்த்தார்.

உள்ளே தாழ் போட்டிருந்தது.

"தங்கச்சி, உள்ள இருக்கீங்களா?"

"இதோ முடிஞ்சுதுண்ணே." அவள் குரல்தான்.

அப்பாடா என்று திரும்பியவர் அப்படியே நின்றார். ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் இன்னொரு கை வயிற்றிலுமாக அவள் படியேறி வந்துகொண்டிருந்தாள்.

"யார்கிட்டண்ணே பேசுறீங்க?"

அவர் சாத்திய கதவைக் கைகாட்டினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அதே குரல் கேட்டது: "யார்கிட்டண்ணே பேசுறீங்க?"

கோப்பை படிகளில் உருண்டு உடைந்தது.

"அது... என் குரல்," என்று கிசுகிசுத்தாள்.

உள்ளே தண்ணீர் நின்றது.

யாரோ கதவருகே வந்து மூச்சுவிட்டார்கள்.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

பிளம்பர் பாய்ந்து கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார். "ஓடாதீங்க, விழுந்துடுவீங்க. கம்பியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கி வெளிய போங்க!"

எதிர்ப்பக்கம் கதவை இழுத்த பலத்துக்கு அவர் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அவள் வாசலைத் தாண்டும் சத்தம் கேட்கும்வரை பிடியை விடவில்லை. விட்டபின் படிகளை எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

கணவன் வந்ததும் இருவருமாக மேலே போய்ப் பார்த்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே தூசி கலையவில்லை. பிளம்பர் சுவரைக் கொத்திப் பார்த்தார். குழாய் உள்ளே ஒரு சாண் ஓடி, அறுபட்டு நின்றது. எதோடும் இணைப்பே இல்லை.

அன்றே அவளை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டான். பாதியில் நின்ற வேலையை முடித்துத் தரும்படி பிளம்பரிடம் யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் கணவனிடமிருந்து போன் வந்தது.

"பொண்ணு பொறந்திருக்குண்ணே! ரெண்டு பேரும் சௌக்கியம். நீங்க அன்னைக்கு இல்லைன்னா..."

பின்னால் ஒரு பெண் குரல் ஆசையாகக் கேட்டது: "குழந்தைய எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

பிளம்பர் சிரித்தார். "தங்கச்சிக்குப் பொறுக்கல போலிருக்கு. ஒரு நிமிஷம் போனைக் குடுங்க தம்பி."



"அவ ஆஸ்பத்திரியிலதானே இருக்கா? நான் மிச்சப் பெட்டிய எடுக்கப் பழைய வீட்டுக்கு வந்தேன். இங்க என்னைத் தவிர யாருமில்லையேண்ணே."

"தம்பி," என்றார் பிளம்பர். "பெட்டியப் போட்டுட்டு வெளிய வாங்க. இப்பவே."

"ஏண்ணே, என்னாச்சு?"

அவன் குரலுக்குப் பின்னால், ஈரக் கால்கள் ஒவ்வொரு படியாக இறங்கி வரும் சத்தம் கேட்டது.