முட்டையின் இடத்தில்

பிள்ளைகளுக்கு புராஜெக்ட் செய்து விற்கும் கடைக்காரர் முத்தானந்தம் சோதனைக் கூண்டுக்குள் போட்ட அலறல் பள்ளி மைதானத்தைத் தாண்டிப் பேருந்து நிறுத்தம்வரை கேட்டது. தீக்குழல் அணைந்து கதவு திறந்ததும் இரண்டு பேர் அவரைத் தூக்கி வந்தார்கள். சட்டை எது, தோல் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அவர் கடையில் வாங்கிய வெப்பக் கேடயத்தைத் தன் கைவேலை என்று கொண்டுவந்திருந்தான். பையனைச் சட்டம் தொடாது. செய்த பெரியவரை விடாது.

"அடுத்தது நிதர்சனா," என்று மரகதம் டீச்சர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார். ஆம்புலன்சுக்கு வழிவிடச் சொன்ன அதே குரல்.

பெற்றோர் வரிசையில் அவள் அப்பா சென்னியப்பன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

எல்லாம் கர்த்தாமானி வந்த பிறகு ஏற்பட்ட வினை. வெள்ளை நிறத்தில் யானைத் துதிக்கை மாதிரி ஓர் இயந்திரக் கை. எந்தப் பொருளின்மேல் வைத்தாலும், பசையில் காய்ந்த வியர்வை, கத்தரி போன சாய்வு, அளவெடுத்த கையின் நடுக்கம் எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து, இதைச் செய்தவர் இன்னார் என்று பலகையில் பெயரைப் போட்டுவிடும். அரசாங்கத்துக்கு இது போதுமானதாக இருந்தது. ஒரு பொருளைச் சோதிக்கும்போது செய்தவரே அதற்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பாலம் கட்டியவர் பாலத்தின் கீழே, மருந்து கண்டுபிடித்தவர் நோயாளியின் கட்டிலில். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கருணை காட்டினார்கள். விண்கலம் காற்றைக் கிழித்துத் திரும்பும் பாடத்தில், கேடயத்துக்குப் பின்னால் பயணிக்குப் பதில் ஒரு முட்டை. கேடயத்தைச் செய்தது பெரியவர் என்று தெரிந்தால் முட்டையின் இடத்தில் அவர்.

பெரிய மனிதர்கள் முதலில் தப்பித்தார்கள். அவர்கள்தான் கையால் எதையும் செய்வதில்லையே. அதற்காக இரண்டாம் பிரிவு வந்தது: உரிமை கொண்டாடுகிறவரும் செய்தவரே. 'இது என் கனவுத் திட்டம்' என்று மேடையில் முழங்கிய அமைச்சர் ஒருவரைக் கர்த்தாமானி மேம்பாலத்தின் கீழ் கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு அவரை மண்வெட்டியால்தான் எடுக்க முடிந்தது. அன்றோடு நாடு அடக்கத்தில் மூழ்கியது. அடிக்கல்லில் எழுத்து கிடையாது, பளபளவென்று வெறும் கல். ஃபிளெக்ஸ் பேனரில் முகம் கிடையாது. பாராட்டு விழாவில் மாலையை யார் கழுத்தில் போடுவது என்று தெரியாமல் மைக்குக்குப் போட்டார்கள்.

சென்னியப்பனுக்கு ஈரோட்டில் ஏசி பழுதுபார்க்கும் கடை. தற்பெருமை என்பது அவருக்குக் காலைக் காபி மாதிரி. வெளியே வழியில்லாததால் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசுவார்.

"உங்கப்பன் சொல்றதக் கேளு கண்ணு. நாலடுக்கு அலுமினியத் தகடு. சூடு தொட்டதும் தெறிச்சு ஓடிரும். நான் சூட்டோட மல்லுக்கட்டிப் பொழைக்கறவன்."

"சரிங்கப்பா," என்பாள் மகள்.

கேட்டுக்கொண்டால் போதாது என்று தகட்டை அவரே வெட்டி, அவரே வளைத்து, அவரே ஒட்டிக் கொடுத்துவிட்டார். அந்தத் தகடுதான் இப்போது அவர் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்தது.

துதிக்கை இறங்கியது. கேடயத்தைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தது. பலகை ஒளிர்ந்தது.

'நிதர்சனா: நூறு. பிறர்: எவருமில்லை.'

சென்னியப்பனுக்கு உயிர் திரும்பியது. முட்டையை வைத்துவிட்டு வந்த மகளின் காதருகே குனிந்தார். "கண்ணு, நான் வெட்டுன தகடு?"

"கட்டலுக்கு அடியில கெடக்குதுங்கப்பா."

"ஏன்?"

"தகடு சூட்ட உள்ள கடத்திரும். முட்டை வெந்துரும். இது தக்கைத்தூளும் பிசினும். எரிஞ்சு கரியாகி உதிரும்போது சூட்டையும் சேத்து எடுத்துட்டுப் போயிருமுங்க."

தீக்குழல் சீறியது. கேடயத்தின் முகம் கொப்பளித்து, கருகி, செதில் செதிலாகப் பறந்தது. அணைந்ததும் மரகதம் டீச்சர் முட்டையை எடுத்துக் கண்ணாடிக் குவளையில் உடைத்தார். மஞ்சள் கரு பச்சையாக, குலையாமல் தளும்பியது. மைதானம் எழுந்து நின்று கைதட்டியது.

தாளாளர் வையாபுரி மைக்கைப் பிடித்தார். "இந்தப் பொண்ணோட அப்பா வந்திருக்காருங்களா? அட, ஏசி ரிப்பேர்க்காரருங்களா! இதுல ஒரு விரல்கூட வெக்கல பாருங்க. தனக்குத் தெரியாத விசயத்துல தலையிடாத மனுசன். அதுவும் ஒரு பெருந்தன்மைதானுங்களே?"

"அப்பனுக்குத் தெரிஞ்சது ஏசிக்கு கேஸ் ரொப்பறதுதானுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு பரவியது. முன்வரிசையில் எதிர்க்கடை ஏசிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி செல்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

தோல் உரிந்த முத்தானந்தத்தைப் பார்த்தபோதுகூட சென்னியப்பன் முகம் இப்படிச் சிவக்கவில்லை. எழுந்தார்.

"யோசனை என்னுதுங்க," என்றார். "அவ கைதான். மூளை என்னுது."

சிரிப்பு அறுந்தது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் நாற்காலியோடு நகர்ந்தார்கள். துதிக்கை மெல்லத் திரும்பி அவர் தோளில் வந்து அமர்ந்தது.

மரகதம் டீச்சர் ஓடிவந்தார். "சார், பொய் சொன்னேன்னு ஒரே ஒரு வார்த்தை மைக்ல சொல்லிருங்க. கதவு சாத்தறவரைக்கும் சட்டத்துல எடம் இருக்குது."

ஒரு வார்த்தைதான். சென்னியப்பன் முன்வரிசையைப் பார்த்தார். செல்பேசி இன்னும் தூக்கியபடியே இருந்தது. கரிந்த கேடயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கூண்டை நோக்கி நடந்தார்.

நிதர்சனா அவர் சட்டையைப் பிடித்துத் தொங்கினாள். "அப்பா, வேண்டாங்கப்பா! அதுல இப்ப ஒண்ணுமே இல்லீங்கப்பா. எரியறதுதான் அதுக்கு வேலை. எரிஞ்சு தீந்துருச்சு. வெரல்ல தட்டிப் பாருங்க, பொடியா உதுருது!"

"எனக்குத் தெரியாதா கண்ணு?" என்றார் அவர், மைக்குக்குக் கேட்கும்படி. "நாந்தான பண்ணுனேன்."

கதவு மூடியது.

கேடயம் முதல் மூச்சிலேயே சாம்பலாகிப் பறந்தது. கூண்டுக் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் எதையோ விளக்க வாயெடுத்தது போலத் தெரிந்தது. வந்தது விளக்கம் அல்ல. முடி பற்றியது. கைகளை முகத்துக்குக் கொண்டுபோனார்; விரல்களும் பற்றின. முதுகால், தோளால், கடைசியில் தலையால் கதவை இடித்தார். நிதர்சனா வெளிப்பக்கம் அதே இடத்தில் கையால் அறைந்துகொண்டிருந்தாள். அவள் உள்ளங்கை கொப்பளித்த பிறகுதான் இழுத்துப் போக முடிந்தது. முட்டைக்கு ஒதுக்கிய நேரம் முழுவதும் தீக்குழல் எரிந்தது. பாதியில் நிறுத்த யாரும் முன்வரவில்லை. நிறுத்தினால், நிறுத்தியது யார் என்ற கேள்வி வரும்.

கூண்டைக் கழுவிவிட்டுப் பரிசளிப்பைத் தொடங்கினார்கள். நிதர்சனாவின் கேடயத்துக்கு முதல் பரிசு. விதிப்படி, செய்தவர் தன் வாயால் சொல்லிவிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். கையில் கட்டுப் போட்ட நிதர்சனாவை மேடையில் ஏற்றி, தாளாளர் மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"சொல்லும்மா. இந்தக் கேடயத்த யாரு செஞ்சது?"

நிதர்சனா மைக்கைப் பார்த்தாள். கூண்டைப் பார்த்தாள். கூண்டுக் கதவிலிருந்து தண்ணீர் இன்னும் கறுப்பாக வடிந்துகொண்டிருந்தது.

"நான் இல்லீங்க," என்றாள்.

கோப்பையைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டே தாளாளர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"கெட்டிக்காரப் பொண்ணு. பொழைச்சுக்குவ."